கால் இருக்கும்போது பிரேக் எதற்கு

ஜூன் 3

பெருமதிப்புக்குரிய சம்மந்தி அவர்களுக்கு,

வணக்கம். கையெழுத்தைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். பழக்கம் விட்டுப்போன கை. ஒரு காலத்தில் இதைப் பார்ப்பதற்காகவே அடுத்த வகுப்பிலிருந்து வந்து நிற்பார்கள். ஐந்தாம் வகுப்பு பாதியிலேயே வாத்தியார் என் தோளில் கைபோட்டு வாசல்வரை கூட்டிவந்து, "உனக்குச் சொல்லிக் குடுக்க எங்கிட்ட இனிமே ஒண்ணும் இல்லப்பா" என்றார். அவ்வளவு பெரிய மனசு அவருக்கு.

நேற்று போனில் நாம் பேசிக்கொண்டோம். நான் அதைப் பேச்சு என்றுதான் சொல்லுவேன், உங்கள் மருமகள்தான் கத்தல் என்கிறாள். பட்டறையில் இரும்பைத் தட்டித் தட்டி என் காது கொஞ்சம் மந்தம். நீங்களோ லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு ஏழாவது மாடியில் இருப்பவனைக் கூப்பிட்டே பழகிய தொண்டை. தூங்கிக்கொண்டிருந்த நம் பேத்தி மிளகு எழுந்துவிட்டாளாம். உங்கள் கையிலிருந்து மருமகள் போனைப் பிடுங்கினாளே, அப்புறம் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "கேட் மாமாவுக்கும் சரி, லிஃப்ட் மாமாவுக்கும் சரி, சேர்த்தே சொல்றேன். பிரேக்கைப் பத்தி இனிமே இந்த போன்ல ஒரு வார்த்தை வரக் கூடாது. சண்டை போடணும்னா எழுதிப் போட்டுக்கோங்க. பேனா சத்தம் போடாது."

ஆகவே எழுதுகிறேன். உங்களுக்கு அவள் உங்கள் மகனைக் கட்டிக்கொண்ட பிறகு மருமகள். எனக்கோ என் அக்கா வயிற்றில் பிறந்த நிமிடத்திலிருந்தே மருமகள். அந்த சீனியாரிட்டிப்படி அவளுக்கு முதலில் பயப்பட வேண்டியவனும் நான்தான்.

இப்போது மிளகுக்காக நான் செய்து பார்சலில் ஏற்றியிருக்கிற வண்டி விஷயம். இந்த மாதிரி வண்டிக்குப் பெடல் கிடையாது, சங்கிலி கிடையாது. பிள்ளை உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை உந்திக்கொண்டு போக வேண்டியது. ஒரே ஒரு படத்தைப் பார்த்தேன், எழுந்தேன், செய்துவிட்டேன். கடையில் விற்பதெல்லாம் போல்ட் போட்டு முறுக்கியது. போல்ட் என்பது தன் வேலைமேல் நம்பிக்கை இல்லாதவன் போடுவது. நான் தலை முதல் கால்வரை வெல்டிங். சக்கரத்தில் என்ன பேரிங் தெரியுமா? லாரி நுழைகிற இழுவைக் கேட்டுக்குப் போடுகிறேனே, அது. ஒரு விரலால் தள்ளினால் யானை கனமுள்ள கேட் நகரும். சீட் விஷயத்திலும் என் மூளையைப் பாருங்கள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைத்தால் ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தானே தைப்பார்கள்? அதேபோல் நீங்கள் அளந்து சொன்ன உயரத்துக்கு மேல் இரண்டு விரல் தூக்கி வைத்திருக்கிறேன். இந்த யோசனை எந்தக் கம்பெனிக்காரனுக்கு வரும்?

சோதனையும் செய்தாயிற்று. ஒரு சிமெண்ட் மூட்டையை உட்கார வைத்துத் தட்டிவிட்டேன். பட்டறையைக் கடந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுச் சுவர் வரை போய் மரியாதையாக நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "பிரேக் எங்க?" சம்மந்தி, காலால் போகிற வண்டிக்குக் கால்தான் பிரேக். கால் இருக்கும்போது பிரேக் எதற்கு?

மிளகுக்கு என் முத்தம். அவள் அப்பனுக்கும் சொல்லுங்கள், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால்.

இப்படிக்கு,
கேட் மாமா

ஜூன் 9

மதிப்பிற்குரிய சம்மந்திக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாத்தியார் பற்றிய பகுதியை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். அதை அவள் வேறு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறாள்.

வண்டி அழகாக இருக்கிறது. சிவப்பு வண்ணம் எங்கும் வழியவில்லை. வெல்டிங் தடம் ஒன்றுகூடக் கையில் இடறவில்லை. மிளகு அதைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். கூடத்துக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓட்டுகிறாள். இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு தாங்கள் என்னை நன்றி கெட்டவன் என்று எழுதக் கூடாது.

ஆனால் சிமெண்ட் மூட்டைக்குக் கால் இல்லை. அதை நிறுத்தியது எதிர்வீட்டுச் சுவர். எங்கள் தெருவில் அப்படி ஒரு சுவர் இல்லை. வீட்டு வாசலில் தொடங்குகிற சரிவு மளிகைக் கடை வரை இறங்குகிறது. கடைக்கு அப்பால் பெரிய சாலை, பேருந்து போகிறது.

என் முட்டியில் அறுவை சிகிச்சை செய்தது தாங்கள் அறிந்ததே. நடக்கலாம், படி ஏறலாம், ஓட முடியாது. வருகிற ஆகஸ்டில் மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்புகிறாள். பகல் முழுவதும் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மாமா, உங்களால அவளைத் துரத்திப் பிடிக்க முடியாது. அது உங்க குத்தம் இல்ல. ஆனா நான் கடையில உட்கார்ந்துக்கிட்டு நம்ம வாசலையே நினைச்சிட்டு இருக்க முடியாதில்ல." இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைக் காப்பகம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறாள். அங்கே சேர்த்தால் பிள்ளை காலையில் போய் மாலை இருட்டும் நேரத்தில் வருவாள். நான் இந்த வீட்டில் சுவர்க் கடிகாரத்தோடு இருப்பேன்.

ஆயுள் முழுவதும் லிஃப்டில் வேலை பார்த்தவன் நான். ஏற்றிவிட யாராலும் முடியும். நிற்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தயவுசெய்து ஒரு பிரேக் செய்து அனுப்புங்கள்.

தங்கள்,
சம்மந்தி

ஜூன் 14

அன்புள்ள சம்மந்தி,

கடைசி வரிவரை படித்தேன். சுவர்க் கடிகாரம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டேன். கண்ணில் பொறி பட்டதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

ஆனாலும் நியாயம் நியாயம்தான். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஓட்டெடுப்பு நடத்தினேன். ஜன்னல் கம்பி வாங்க வந்த பல் டாக்டர், "ரெண்டு வயசுப் பிள்ளைக்கு விரல்ல பலம் ஏதுங்க? பிரேக்கை இழுத்துப் பிடிக்கவே முடியாது" என்றார். படித்தவர், என் பக்கம். பெயிண்ட் கடைக்காரர் என் பக்கம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் மட்டும், "பிரேக் இல்லாத வண்டியில எமன்கூட ஏற மாட்டான்" என்றார். அவர் ஓட்டு செல்லாது. கேட்டுக்குப் பாக்கி வைத்திருக்கிறார், என்மேல் கடுப்பு.

ஆக, ஊரே சொல்லுகிறது. நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரு ரொட்டித் துண்டையே இரண்டு கையாலும் பிடித்துத் தின்கிறவள் மிளகு. அவள் நான்கு விரலும் சேர்ந்தால் என் கட்டைவிரல் பருமன் வராது. அந்தக் கைக்குப் பிரேக் கொடுத்தால், குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி ஆகும்.

உங்கள் பயத்துக்கு வேறு மருந்து சொல்லுகிறேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல கயிறு கட்டி, நுனியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஓடினால் இழுத்துப் பிடியுங்கள். முன்னொரு காலத்தில் முரட்டுக் காளையை நான் ஒற்றைக் கையால் அப்படித்தான் நிறுத்தினேன். காளை வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது.

மருமகளிடம் நான் பேசட்டுமா? நான் ஒரு வார்த்தை சொன்னால் காப்பகத்தையே மூடிவிடுவார்கள்.

அன்புடன்,
கேட் மாமா

ஜூன் 20

மதிப்பிற்குரிய சம்மந்திக்கு,

மருமகளிடம் தாங்கள் பேச வேண்டாம். வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கயிறு கட்டிப் பார்த்தோம். மிளகு வண்டியோடு ஒரு தூணைச் சுற்றினாள், பிறகு என்னைச் சுற்றினாள். பக்கத்து வீட்டு அம்மா வந்து இருவரையும் அவிழ்த்துவிட்டார்.

ஆகவே பிரேக்கை நானே செய்து மாட்டிவிட்டேன். தாங்கள் கோபிக்க வேண்டாம், தங்கள் வெல்டிங்கில் கை வைக்கவில்லை. முன்சக்கரக் கவட்டையில் இரண்டு பட்டைகளைப் பிடிப்பு வைத்து இறுக்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

பல் டாக்டர் சொன்னதை நான் ஒதுக்கவில்லை. இழுத்துப் பிடிக்கப் பலம் இல்லை என்பது உண்மை. அதற்குத்தான் லிஃப்ட் முறையைக் கையாண்டேன். லிஃப்டில் பிரேக் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஓட வேண்டும் என்றால்தான் மின்சாரம் வந்து அதை விடுவிக்கும். மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அத்தனை பேர் நம்பி ஏறுகிறார்கள். இந்த வண்டியிலும் அப்படியே. ஒரு ஸ்பிரிங் பிரேக்கைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்திருக்கும். பிள்ளை கைப்பிடியை அமுக்கினால் வண்டி ஓடும். கையை விட்டால் நின்றுவிடும். பயந்தால் கையை விடுவாள் அல்லவா? பயந்த நொடியே வண்டி நிற்கும்.

முதலில் வைத்த ஸ்பிரிங் அவளுக்குக் கடினமாக இருந்தது. மெலிந்த ஒன்று மாற்றினேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அமுக்கி ஓட்டுகிறாள். கூடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. மருமகள் பார்த்தாள், "நல்லாத்தான் மாமா இருக்கு" என்றாள். அந்த வார்த்தைக்காக ஒரு மாதமாகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் விடுகிறோம்.

தங்கள்,
சம்மந்தி

ஜூன் 26

அன்புள்ள சம்மந்தி,

மருமகள் போன் செய்தாள். சட்டம் போட்டவளே சட்டத்தை மீறினாள். "கேட் மாமா, பாப்பா விழுந்துட்டா. உதடு கிழிஞ்சிடுச்சு. தையல் வேண்டாம்னுட்டாங்க. இப்ப தூங்குறா" என்றாள். அப்புறம், "லிஃப்ட் மாமா நேத்துலேருந்து சாப்பிடல" என்றாள்.

சம்மந்தி, நான் சொல்லுவதைக் கேளுங்கள். நான் விழாத இடம் இந்த ஊரில் இல்லை. தண்ணீர்த் தொட்டி மேலிருந்து விழுந்திருக்கிறேன். தியேட்டர் கூரையிலிருந்து, படம் ஓடும்போதே, கதாநாயகி அழுகிற கட்டத்தில் விழுந்திருக்கிறேன். ஜனங்கள் அதையும் படத்தோடு சேர்த்து ரசித்தார்கள். விழுந்த பிள்ளை தூங்கி எழுந்தால் மறந்துவிடும். பக்கத்தில் இருந்த பெரிய மனுஷனுக்குத்தான் தூக்கம் வராது. சாப்பிடுங்கள். முட்டிக்கு மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றில் இருக்கலாமா?

நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். நான் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டேன். "அந்த பிரேக் யோசனையே என்னுதும்மா. நான்தான் கடிதத்துல படம் போட்டு அனுப்பினேன். பாவம், சம்மந்தி என் பேச்சைத் தட்ட முடியாம மாட்டிட்டார்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள். என்மேல் ஏற்கெனவே இருக்கிற பழியில் இது ஒரு கரண்டி. பானை நிரம்பாது.

பதில் போடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
கேட் மாமா

ஜூன் 30

அன்புள்ள சம்மந்திக்கு,

தங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நடந்ததை நடந்தபடி மருமகளிடம் சொல்லிவிட்டேன். தாங்கள் பழியை ஏற்றுக்கொண்டதைப் பற்றி அவள் சொன்னது: "அது அவர் யோசனையா இருந்திருந்தா இந்நேரம் ஊருக்கே சொல்லியிருப்பாரே மாமா. எங்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்றார்னாலே தெரியல?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் இரண்டு நாள் கழித்துக் கேட்ட முதல் சிரிப்பு. அதற்காகத் தங்களுக்கு நன்றி.

நடந்தது இதுதான். பாதிச் சரிவில் போய்க்கொண்டிருந்தாள். மதில்மேல் ஒரு பூனையைப் பார்த்தாள். அதற்கு டாட்டா காட்டுவதற்காக ஒரு கையை எடுத்தாள். ஒரு கையால் அமுக்கிப் பிடிக்க முடியாது, ஸ்பிரிங் இறங்கிவிட்டது. வண்டி நின்றது. பிள்ளை நிற்கவில்லை.

லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவர் நின்றுகொண்டுதான் இருப்பார். என் புத்தி அதற்கு மேல் போகவில்லை. பயந்தால் கையை விடுவாள் என்று கணக்குப் போட்டேன். சந்தோஷப்பட்டாலும் கையை விடுவாள் என்று தோன்றவில்லை.

பிரேக்கைக் கழற்றிவிட்டேன். வண்டி பரண்மேல் இருக்கிறது. மிளகு அதன் கீழே வந்து நின்று, வீங்கிய உதட்டோடு மேலே கையைக் காட்டுகிறாள். "வண்டி தூங்குது" என்கிறோம். "எழுப்பு" என்கிறாள்.

மருமகள் என்மேல் கோபப்படவில்லை. "கோபம் இல்ல மாமா, பயம்தான்" என்றாள். காப்பகத்தில் பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவள் பைக்குள் விண்ணப்பம் இருக்கிறது.

இன்னொன்று. சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. நேற்று மிளகின் ஷூவைத் துடைத்து வைத்தேன். இரண்டிலும் முன்நுனி நூல் தெரியுமளவு தேய்ந்திருக்கிறது. அடிப்பாகமும் குதிகாலும் கடையில் வாங்கியது போலவே இருக்கின்றன. கயிறு எங்கே தேய்கிறதோ அங்கேதான் கோளாறு என்று எங்கள் தொழிலில் சொல்லுவோம். அவள் பாதம் தரையில் படியவில்லை, சம்மந்தி. நுனிக்கால் விரலால்தான் உந்துகிறாள். நிறுத்த நினைத்தாலும் நுனிக்கால் விரலால்தான் நிறுத்த வேண்டும்.

தங்களைக் குறை சொல்லவில்லை. அந்தத் தகுதி இப்போது எனக்கு இல்லை.

தங்கள்,
சம்மந்தி

ஜூலை 5

அன்புள்ள சம்மந்தி,

ஷூ விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நீங்கள் இதைக் கண்டுபிடிப்பீர்களா மாட்டீர்களா என்றுதான் நான் காத்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டீர்கள். பாராட்டுகள்.

இரண்டு விரல் உயரத்தை நான் ஏன் வைத்தேன்? அது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் தாழ்வாக இருக்க வேண்டும், பிள்ளை வளர்ந்தபின் இரண்டாம் கட்டத்துக்கு உயர வேண்டும். நான் தொலைநோக்கோடு இரண்டாம் கட்டத்தை முதலில் செய்து அனுப்பிவிட்டேன். இதைத் தவறு என்று சொல்லுகிறவர்களுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். இருந்தாலும் வழி சொல்லுகிறேன்.

நானே வந்து செய்துவிடுவேன். ஆனால் பள்ளிக்கூட கேட் ஒன்று பாதியில் நிற்கிறது, பள்ளிக்கூடமோ திறந்துவிட்டது, பிள்ளைகள் தெருவுக்கு ஓடுவதற்குள் மாட்டியாக வேண்டும். வண்டியைத் திருப்பி அனுப்பி, நான் செய்து, அது மறுபடி வந்து சேர்வதற்குள் பதினைந்தாம் தேதி போய்விடும். உங்கள் தெருமுனையில் ஒரு வெல்டிங்காரன் இருக்கிறான் என்று மருமகள் சொன்னாள். அவன் கை என் வண்டியில் படக் கூடாது. படவே கூடாது.

நீங்கள் செய்யுங்கள்.

சீட்டுக் குழாய் சட்டத்தில் சேருகிற இடத்தில் என் வெல்டிங் வளையம்போல் சுற்றி இருக்கும். அந்த வளையத்தின்மேலேயே ரம்பம் வைத்து அறுங்கள். அவசரம் வேண்டாம், ரம்பத்தைப் போகப் போக விடுங்கள். என் வெல்டிங்கை அறுப்பதற்கு நான் இதுவரை மனிதப் பிறவி யாருக்கும் அனுமதி கொடுத்தது கிடையாது. போலீஸ் வந்து கேட்டபோதே கொடுக்கவில்லை. அறுத்தபின் குழாயில் இரண்டு விரல் நீளத்தைக் குறைத்து, உள்ளே நுழைகிற மாதிரி சின்னக் குழாய் ஒன்று பார்த்துச் செருகி, துளை போட்டு, போல்ட் மாட்டுங்கள். ஆமாம், போல்ட்தான். நான் எழுதினேன் என்று வெளியே சொல்ல வேண்டாம்.

பிள்ளை உட்கார்ந்தால் இரண்டு உள்ளங்காலும் முழுசாகத் தரையில் படிய வேண்டும். முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அதுதான் அளவு, ஸ்கேல் தேவையில்லை.

அப்புறம் பேரிங். அதில் எண்ணெய்தான் விட்டிருக்கிறேன், அதனால்தான் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. துடைத்துவிட்டுக் கெட்டியான கிரீஸ் அடைத்துவிடுங்கள். மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிடும். லாரி கேட்டுக்குச் சரி, மிளகுக்கு எதற்கு அவ்வளவு அவசரம்?

மருமகளிடம் ஒன்றும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் நம்ப மாட்டாள், கண்ணால் பார்க்கட்டும். நான் இங்கே கேட்டுக்கு துருப்பிடிக்காத ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் அடித்துக்கொண்டே உங்கள் தெருவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
கேட் மாமா

ஜூலை 16

அன்புள்ள சம்மந்திக்கு,

தங்கள் வெல்டிங்கை அறுக்க ஒரு முழுக் காலைப்பொழுதும் மூன்று ரம்பத் தகடும் ஆயின. இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சொன்னபடி செய்தேன். உட்கார வைத்தபோது மிளகு தன் காலையே குனிந்து பார்த்தாள். பாதம் முழுவதும் தரையில் இருந்தது. இரண்டு தடவை தொம் தொம் என்று மிதித்துப் பார்த்துக்கொண்டாள், வீடு வாங்குகிறவர் தரையை மிதித்துப் பார்ப்பது போல.

கூடத்தில் சில நாள். பிறகு முற்றத்தில். பதினான்காம் தேதி சாயந்திரம் மருமகளே சொன்னாள்: "மாமா, நாளைக்கு அவங்களுக்குப் பதில் சொல்லணும். தெருவுல விடுங்க. நான் வீட்டுல இல்லைன்னு நினைச்சுக்கோங்க. நான் ஜன்னல்லேருந்து பார்க்கிறேன். நீங்க என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க."

என்ன செய்வேன்? ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பாதிச் சரிவில், விளக்குக் கம்பத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். மேலே இருந்து மிளகு வந்தாள். கிரீஸ் போட்டும் சரிவு சரிவுதானே, என்னைக் கடக்கும்போது வேகம் இருந்தது. நான் எழவில்லை என்று எழுத ஆசை. பாதி எழுந்துவிட்டேன். முட்டி அதற்குமேல் வரவில்லை. அந்த நேரத்தில் அவள் இரண்டு காலையும் தரையில் வைத்தாள். ஷூ தேய்கிற சத்தம் தெருவெல்லாம் கேட்டது. வண்டி நின்றது, பிள்ளையும் நின்றாள். எதிரே நடுத்தெருவில் அதே பூனை படுத்திருந்தது. "தள்ளு" என்றாள். அது தள்ளவில்லை. இவளே சுற்றிக்கொண்டு போனாள், கடைக்கு வெகு முன்னாலேயே மறுபடி காலை ஊன்றி நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

மருமகள் வெளியே ஓடி வந்தாள். "என்ன மாமா, நின்னாளா?"

"பார்க்கலையாம்மா?"

"கண்ணை மூடிட்டேன்."

பரீட்சையை மறுபடி நடத்தினோம். இரண்டாம் தடவை அவள் என் முக்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது. பிள்ளை நின்றதும் கையை எடுத்தாள். உள்ளே போனாள். காப்பகத்துக்கு போன் செய்கிற குரல் கேட்டது. வெளியே வந்து, "இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். இப்போதைக்குத்தான், புரியுதா?" என்றாள். புரிந்தது என்றேன். முட்டி வலிக்காமல் வீட்டுக்குள் வந்தேன்.

பிரேக் வேண்டுமா என்ற நம் வழக்கில் என் தீர்ப்பையும் எழுதிவிடுகிறேன். வேண்டும். இப்போது இல்லை. விரலில் பலம் வரட்டும். அப்போது அமுக்கினால் பிடிக்கிற சாதாரண பிரேக்கைத் தாங்கள் செய்ய வேண்டும், பின்சக்கரத்துக்கு.

இன்று நடந்ததைத் தங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நேற்று முழுவதும் அவள் வாசலிலிருந்து புறப்படும்போதெல்லாம் சீட்டின் பின்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே நடந்தேன். இன்று காலை அவள் திரும்பி என் கையை எடுத்துவிட்டாள். விளக்குக் கம்பத்தைக் காட்டி, "தாத்தா, நீ அங்க நில்லு" என்றாள். வேலையில் சேர்ந்த கையோடு ஓய்வு கொடுத்துவிட்டாள். போய் நின்றேன். சந்தோஷம்தான். ஆனாலும் கை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

தங்கள்,
சம்மந்தி

ஜூலை 22

அன்புள்ள சம்மந்தி,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். பல் டாக்டர் இருந்தார், வேன்காரரும் இருந்தார். பூனை வந்த இடத்தில் அதைப் புலி என்று மாற்றிக்கொண்டேன், உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். மருமகள் கண்ணை மூடிய இடத்தில் வேன்காரர், "என் பொண்டாட்டியும் நான் ஓட்டும்போது அப்படித்தான்" என்றார். அவர் ஓட்டைச் செல்லும் என்று அறிவித்துவிட்டேன்.

தீர்ப்பு சரி. நான் முதல் நாளிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் தாமதமாக ஒத்துக்கொண்டீர்கள்.

கடைசிப் பகுதியை மட்டும் அவர்களுக்குப் படிக்கவில்லை. அது நமக்குள். சம்மந்தி, பிள்ளை என்ன சொன்னாள்? "அங்க நில்லு" என்றுதானே சொன்னாள்? வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லையே. தனியாக ஓட்டுகிறவள் எதற்கு ஒரு ஆளைக் கொண்டுபோய்க் கம்பத்தடியில் நிறுத்த வேண்டும்? அந்த இடத்தில் நீங்கள் இருந்தால்தான் அவளுக்கு அந்தச் சரிவு விளையாட்டாக இருக்கும், இல்லாவிட்டால் அது வெறும் ரோடு. உத்தியோகம் போகவில்லை, இடமாற்றம் ஆகியிருக்கிறது. அதுவும் எங்கே? நட்ட நடுத்தெருவில், ஊர் பார்க்க.

ஆனால் முக்காலி ஆகாது. முதுகுக்கு ஒன்றும் இல்லை, கைக்கும் ஒன்றும் இல்லை. அதனால்தான் கை சட்டைப் பைக்குள் போகிறது. பள்ளிக்கூட கேட்டில் மிஞ்சிய குழாயில் உங்களுக்கு ஒரு நாற்காலி செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் கை வைக்க அகலமான பட்டை. உட்கார்ந்து பார்த்த பல் டாக்டர் எழுந்திருக்க மனமில்லாமல் ஒரு நோயாளியைக் காக்க வைத்துவிட்டார். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டு வருகிறார்கள், உங்களுக்கு என்று சொல்லி மறுத்துவிட்டேன். நாளைக்குப் பார்சலில் ஏற்றுகிறேன்.

நான்கு காலும் தரையில் ஊன்றி நிற்கும். சக்கரம் வைக்கவில்லை. பிரேக் எங்கே என்று கேட்டு எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
கேட் மாமா